அம்மா செய்த பொருத்தனை, எனக்கு வராத அழைப்பு

கம்பியாளன் | திங்கள், இரவு 11.20

ஆறு வருடமாக இந்தக் களத்தில் வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. பிழையாக எதையாவது சொன்னால் பெரியவர்கள் திருத்துங்கள்.

எனக்கு வயது 36. குமரி மாவட்டத்தில் மின்வாரியக் கம்பியாளர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். நான் பிறந்தபோது கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். பிள்ளை பிழைத்தால் திருச்சபை ஊழியத்துக்கு விட்டுவிடுகிறேன் என்று அம்மா அந்த வலியிலேயே பொருத்தனை செய்தார்கள். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரிய மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஐயரே" என்பார். எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் நான் திக்கினால் அம்மாவின் முகம் வாடிப்போகும்.

ஆனால் எனக்கு ஒரு நாளும் எந்தக் குரலும் கேட்டதில்லை. கனவும் வந்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அப்பா இறந்துபோனார். ஐ.டி.ஐ. படித்தேன், வேலை கிடைத்தது, திருமணம் ஆனது. ஐந்து வயதில் ஒரு மகன்.

போன மாதம் கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அழைப்பை விட்டு ஓடுகிறவர்கள் முன்னால் வரலாம் என்று தேவசெய்தி கொடுத்த பிரசங்கியார் சொன்னார். போனேன். அம்மாவின் பொருத்தனையைச் சொன்னேன், மகனுக்கு ஒரு வருடமாக வலிப்பு வருவதையும் சொன்னேன். அவர் என் தலைமேல் கை வைத்து, "நீதான் யோனா. உன் பிள்ளைக்கு வருகிற வலிப்பு உன்னைத் திருப்பக் கர்த்தர் அனுப்பிய புயல்" என்றார். மைக்கில் சொன்னார். மனைவி பக்கத்தில் நின்றாள். பையன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குப் பிறகு இரண்டு முறை பிள்ளைக்கு இரவில் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அழைப்பு என்பது என்ன? வந்திருக்கிறதென்று எப்படித் தெரியும்? அம்மாவின் பொருத்தனை என்னைக் கட்டுமா? வேலையை விட்டுவிட வேண்டுமென்றால் விட்டுவிடுகிறேன். யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

இரவுப்பணி | திங்கள், இரவு 11.52

தம்பி, உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். நான் செவிலியர், 22 வருட அனுபவம். முதலில் இதைப் படியுங்கள்.

மாத்திரையை நிறுத்தவில்லையே? ஒரு வேளைகூடத் தவற விடாதீர்கள். டாக்டர் சொல்லாமல் அளவைக் குறைக்கவும் கூடாது. வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூளையில் ஓடும் மின்சாரம் சற்று நேரம் தாறுமாறாவதால் வருவது அது. கம்பியில் வேலை செய்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மனைவிக்கு நீங்கள் விளக்குங்கள், இன்றைக்கே.

பழைய_அங்கி | செவ்வாய், காலை 5.40

தம்பி, நான் 34 ஆண்டு சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு முழுவதும் சரியாகத் தூங்கவில்லை. மைக்கில் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

கர்த்தர் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறி ஓடியவன் யோனா. அவன் கதையில் புயல் அவன் மேல் வந்தது. அவன் கடலில் விழுந்ததும் அலை ஓய்ந்தது. அதே கப்பலில் இருந்த அந்நிய மாலுமிகளில் ஒருவனுக்கும் சேதமில்லை. அப்படியிருக்க ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பைப் பணயமாகப் பிடித்துத் தகப்பனை மிரட்டுகிற தேவனை அந்தப் புத்தகத்தில் எங்கே கண்டார்கள்? பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோது ஆண்டவர் சொன்னது உங்களுக்கே தெரியும்: இவன் செய்ததுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல. யோவான் ஒன்பதாம் அதிகாரம். இன்று இரவு உங்கள் மனைவியும் நீங்களும் சேர்ந்து வாசியுங்கள்.

அடுத்தது பொருத்தனை. நம் தென்மாவட்டத்துத் தாய்மார்கள் எல்லோருக்கும் சாமுவேலின் தாய் அன்னாள்தான் முன்மாதிரி. அன்னாள் பொருத்தனை செய்தாள், பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் கொண்டுபோய் விட்டாள். உண்மை. ஆனால் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். பையன் ஆலயத்திலேயே வளர்கிறான், ஏபோத்து என்கிற சணல்நூல் ஆசாரிய உடை உடுத்துகிறான், ஆலயக் கதவுகளைத் திறக்கிறான். அப்படியிருந்தும், சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியவில்லை என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிறது. தாயின் பொருத்தனை அவனை ஆலயத்துக்குள் கொண்டுபோய் விட்டது. அழைப்பாக அது மாறவில்லை. கூப்பிட வேண்டியவர் பிறகு ஒரு ராத்திரியில் அவராகவே வந்து, அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

லேவியராகமத்தின் கடைசி அதிகாரத்தை நம் மேடைகளில் யாரும் தொடுவதில்லை. பொருத்தனையாக நேர்ந்துவிடப்பட்ட ஆளை மீட்டுக்கொள்ள மோசேயின் நியாயப்பிரமாணமே வழி வைத்திருக்கிறது. இருபது முதல் அறுபது வயது வரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி. அவ்வளவு கொடுக்க வகையில்லாத ஏழையென்றால் அவன் திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும். இன்றைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வலியில் துடிக்கிறவர்கள் எதையெல்லாம் நேர்ந்துகொள்வார்கள் என்று கர்த்தருக்குத் தெரியும். அவர்களையும் அவர்கள் நேர்ந்துவிட்ட பிள்ளைகளையும் சிக்க வைக்க அவர் விரும்பவில்லை.

குரலைப் பற்றியும் கேட்டீர்கள். கர்த்தர் கூப்பிட்டபோது அந்தப் பையன் எங்கே ஓடினான்? ஆலயத்தின் ஆசாரியன் ஏலியிடம் ஓடினான். ஏன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். தினமும் கேட்டுப் பழகிய கிழவரின் குரல் போலவே அது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். மூன்று தடவை ஓடினான். கூப்பிட்டவர் யாரென்று கண்டுகொண்டதும் அவனல்ல, பார்வை மங்கிய ஏலிதான். ஒருவன் தனக்குள் உணர்வது பாதி அழைப்பு. மற்றவர்கள் அதைக் கண்டுகொள்வது மறு பாதி. உள்ளான அழைப்பு, வெளியான அழைப்பு என்று திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வின் பிரித்துச் சொன்னதும் இதைத்தான். எங்கள் திருச்சபையில் ஒரு பையன் "எனக்கு அழைப்பு" என்றதும் அங்கியை மாட்டி விடுவதில்லை. சேகரம் பரிந்துரைக்க வேண்டும், திருமண்டலக் குழு (பேராயரின் கீழுள்ள குழு) விசாரிக்க வேண்டும், இறையியல் கல்லூரியில் வருடக்கணக்கில் படிக்க வேண்டும். குருப்பட்ட ஆராதனையில்கூடப் பேராயர் அவனை மட்டும் கேட்பதில்லை, சபையாரையும் கேட்கிறார்.

அதனால் உங்களிடம் இதைக் கேட்கிறேன். இந்த 36 வருடத்தில் உங்கள் மாமாவைத் தவிர வேறு யாராவது உங்களிடம் வந்து, "தம்பி, நீ இந்த வேலைக்கு வா" என்று சொன்னதுண்டா?

சால்மரம் | செவ்வாய், காலை 9.15

கம்பியாளன் அண்ணா, அந்தப் பிரசங்கியார் சொன்னது கொடுமை. ஐயா சொன்ன ஒவ்வொரு வரிக்கும் ஆமென். ஆனாலும் ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் 19 வருடமாக வட இந்தியாவில் ஒரு மிஷனெரிப் பணித்தளத்தில் இருக்கிறேன். சுற்றிலும் சால் மரக்காடு. "எந்த வேலையும் அழைப்புதான், இருக்கிற இடத்திலேயே சாட்சியாக இரு" என்று ஊரில் இப்போது எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விளைவு என்ன தெரியுமா? எங்கள் தளத்தில் ஒரு குடும்பம் உடல்நலமில்லாமல் திரும்பிப் போய் நான்கு வருடமாகிறது. அந்த வீடு இன்னும் பூட்டியே கிடக்கிறது.

எனக்கும் குரல் கேட்டதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தேன். ஜெபக்குழுவில் ஒரு வரைபடத்தை விரித்து ஊர் ஊராகப் பெயர் சொல்லி ஜெபிப்போம். அதில் ஒரு ஊரின் பெயர் மூன்று வருடம் என்னை விட்டுப் போகவில்லை. பணத்தை எண்ணும்போது வரும், குளிக்கும்போது வரும். மூப்பர்களிடம் சொன்னேன். ஒரு வருடம் காத்திரு என்றார்கள். மனைவி முடியாது என்றாள். காத்திருந்தேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு நாள் அவளே, "அங்கே பள்ளிக்கூடம் உண்டா, விசாரியுங்கள்" என்றாள்.

அசரியா பேராயரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1902-ல் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவில் கடல் கடந்து ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். திருநெல்வேலியில் இத்தனை ஆயிரம் கிறிஸ்தவர்கள் இருந்தும் நாம் யாரையும் அனுப்பவில்லையே என்பது அவரைக் குத்தியது. அடுத்த வருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. நம் ஆட்கள், நம் காசு. நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். இதோடு நிறுத்தியிருந்தாலும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்லியிருப்போம். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தான் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 1909-ல் அந்தப் பொறுப்பை விட்டார், தெலுங்கு படித்தார், தோர்ணக்கல்லுக்குத் தானே போனார். மூன்று வருடத்தில், 1912 டிசம்பரில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

யாழ்ப்பாணத்தில் அவர் கேட்டது குரல் அல்ல, வெட்கம். அதுவும் ஒரு வகை அழைப்பு. அண்ணனை வா என்று நான் இழுக்கவில்லை. போகிறவர்களும் வேண்டும் என்பதை இந்த இழை மறந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் எழுதினேன்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், பகல் 12.05

"மாத்திரையை நிறுத்தி விசுவாசியுங்கள்" என்று வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். மறுபடி வந்தாலும் நீக்குவோம்.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 4.30

சால்மரம் தம்பி சொன்ன வெட்கத்தைப் போலவே, ஐடா ஸ்கடர் அம்மையாரைக் கூப்பிட்டதும் வானத்துக் குரல் அல்ல. நான் படித்த காலத்தில் இந்தக் கதையைக் கேட்காமல் ஒரு வருடம்கூடப் போகாது.

மிஷனெரி டாக்டரின் மகள். இந்தியாவில் ஊழியம் செய்யவே கூடாது என்று முடிவு செய்திருந்தவர். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் அடுத்தடுத்து மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியருக்கும் பிரசவத்தில் சிக்கல். "என் அப்பா டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்றார். மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்தார். 1899-ல் பட்டம் பெற்று வேலூருக்கு வந்தார். 1902-ல் 40 படுக்கையுள்ள மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அன்று இரவு கூப்பிட்டது கடவுளா, அந்த மூன்று கணவர்களா? ஐயா எழுதிய ஏலியின் குரலைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. கடவுள் கூப்பிட்டதாகவே ஐடா எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் காதில் விழுந்ததெல்லாம் கலங்கிப்போன மூன்று மனிதர்களின் பேச்சு. நான் 22 வருடமாக இரவுப் பணி செய்கிறேன். "சிஸ்டர்" என்று ஒரு படுக்கையிலிருந்து கூப்பிடும்போது, எல்லா முறையும் இல்லை, சில முறை, எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஏன் என்று சொல்லத் தெரியாது.

பழைய_அங்கி | செவ்வாய், மாலை 6.10

சகோதரி சொன்னது மார்ட்டின் லூத்தர் கண்டதுதான். அவருக்கு முன்பு ஐரோப்பாவில் "அழைப்பு" என்றால் துறவிக்கும் குருவுக்கும் உரியது. செருப்புத் தைப்பவனுக்கும் பால் கறப்பவளுக்கும் அழைப்பு கிடையாது. லூத்தர் அதை உடைத்தார். ஜெர்மன் மொழியில் இன்றும் தொழிலுக்குப் பெயர் "பெருஃப்". "கூப்பிடு" என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். மின்கம்பத்தின் மேல் நிற்பதும் அழைப்புதான், தம்பி.

பறையொலி | செவ்வாய், இரவு 9.48

ஐயா, உங்கள்மேல் மரியாதை உண்டு. காலையில் நீங்கள் எழுதியதை அச்செடுத்து என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் இந்த வசனத்தை இப்படிப் பயன்படுத்த வேண்டாம்.

எங்கள் தாத்தா மாடு உரித்தவர். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் உரித்தார். ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். கேட்டபோது, "அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திரு" என்ற இதே வசனத்தைச் சொன்னார்கள். பிறப்பால் தொழிலைப் பூட்டி வைத்த நாட்டில், "நீ செய்கிற வேலையே கர்த்தரின் அழைப்பு" என்பது எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழாது. ஜெர்மனியில் செருப்புத் தைப்பவனுக்கு லூத்தர் சொன்னது விடுதலை. எங்கள் தெருவில் அதையே சொன்னால் விலங்கு.

அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அடிமையாக இருக்கும்போது அழைக்கப்பட்டாயா, கவலைப்படாதே. ஆனால் விடுதலையாக முடியுமானால் அதைப் பற்றிக்கொள் என்றுதான் பவுல் போகிறார். அந்தப் பகுதியில் "அழைப்பு" என்பது தொழிலைக் குறிக்கவே இல்லை. கிறிஸ்து ஒருவனைத் தம்மிடம் கூப்பிட்டதைத்தான் குறிக்கிறது. அவன் அடிமையானாலும் எஜமானானாலும் அந்தக் கூப்பிடுதல் அவனைத் தேடி வந்தது என்பதே பேச்சு.

கர்த்தர் முட்செடியிலிருந்து மோசேயைக் கூப்பிட்டபோது, "போய் நல்ல மேய்ப்பனாக இரு" என்று சொல்லவில்லை. என் ஜனத்தின் கூக்குரலைக் கேட்டேன் என்றார். அவர் முதலில் கேட்டார், பிறகுதான் கூப்பிட்டார். எங்களுக்கு அழைப்பு என்றால் அதுதான். என் அப்பா அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியரானார். தாத்தா அழுதாராம், சந்தோஷத்தில்.

பழைய_அங்கி | செவ்வாய், இரவு 10.20

மகனே, நீங்கள் சொன்னது சரி. நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அதே வசனத்தை வைத்து 1987-ல் ஒரு கிராமத்தில் நானே பிரசங்கம் செய்திருக்கிறேன். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்பது இன்னும் நினைவிருக்கிறது. மன்னியுங்கள்.

நீங்கள் காட்டிய இடத்திலிருந்தே பேசுகிறேன். மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிருவரை எதற்காக ஏற்படுத்தினார் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. முதலில் தம்மோடு இருக்க. பிறகு பிரசங்கிக்க அனுப்ப. நாம் முதலாவதைத் தாண்டிவிட்டு இரண்டாவதையே அழைப்பு என்கிறோம். கம்பியாளன் தம்பி, உங்களுக்கு அழைப்பு வரவில்லை என்று எழுதினீர்கள். ஞானஸ்நானத்தில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த அழைப்பு வந்துவிட்டது, உங்கள் மாமாவின் கேலிக்கு முன்பே.

கடலோரத்தாள் | புதன், காலை 6.25

நான் கத்தோலிக்கப் பெண். இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பதினெட்டு வயதில் மடத்தில் சேர்ந்தேன். நல்லாயன் ஞாயிறன்று இறையழைத்தலுக்காக எல்லாப் பங்குகளிலும் செபிப்பார்களே, அந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நானே ஓடிப்போய் சிஸ்டரிடம் பெயர் கொடுத்தேன். யாரும் தள்ளவில்லை. மூன்று வருடம் இருந்தேன். நவதுறவு என்கிற பயிற்சிக் காலம் முடிந்து முதல் வார்த்தைப்பாட்டுக்கு (துறவற உறுதிமொழிக்கு) இரண்டு மாதம் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன்.

சண்டை இல்லை, காதல் இல்லை. பயிற்சி கொடுத்த சிஸ்டர் மிகவும் நல்லவர். தினமும் இரவில், அன்றைய நாளில் எது மனத்துக்கு ஆறுதல் தந்தது, எது வறட்சி தந்தது என்று எழுதச் சொல்வார். புனித இஞ்ஞாசியாரிடமிருந்து வந்த முறை அது. 1521-ல் போரில் காலில் குண்டடி பட்டுப் படுத்திருந்தபோது, வீரசாகசக் கனவுகள் இனித்துவிட்டு வறண்டு போவதையும், புனிதர்களைப் போல வாழும் நினைப்பு இனித்த பின்னும் தங்குவதையும் அவர் கவனித்தார். தேர்ந்து தெளிதல் என்று நாங்கள் சொல்வது அங்கிருந்து தொடங்குகிறது. இரண்டு வருட நோட்டுகளை ஒரு நாள் சிஸ்டரும் நானும் உட்கார்ந்து வாசித்தோம். எனக்கு ஆறுதல் வந்த நாள்களெல்லாம் விடுதியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாள்கள். தங்கிய வறட்சி எங்கே என்பதும் அந்தப் பக்கங்களிலேயே இருந்தது. சிஸ்டர் நோட்டை மூடி, "உன்னை ஆண்டவர் கூப்பிடவில்லை என்று சொல்லமாட்டேன். இங்கே கூப்பிடவில்லை போலிருக்கிறது" என்றார்.

ஊரில் "மடத்திலிருந்து திரும்பி வந்தவள்" என்ற பெயர் எட்டு வருடம் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்டே எழுந்து போனார்கள். எனக்குத் துணையாக இருந்தவர் புனித தேவசகாயம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலைக்கு மாதம் ஒரு முறை போவேன். திருவிதாங்கூர் அரசுப் பணியாளர், திருமணமானவர். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயிடமிருந்து விசுவாசத்தைக் கேட்டார். யோபுவின் கதையைத்தான் டிலனாய் சொன்னார் என்பார்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752-ல் அந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். குருவும் இல்லை, துறவியும் இல்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது டிவி முன்னால் அழுதேன். பொதுநிலையினராக வாழ்ந்த இந்தியர் ஒருவர் அந்தப் பீடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

கெரசேனர் நாட்டில் பேய் பிடித்திருந்தவனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குணமானதும் படகில் ஏறப்போன இயேசுவிடம், உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சினான். நற்செய்தியில் எத்தனையோ பேரை வா என்று கூப்பிட்டவர் இவனை வீட்டுக்குப் போ என்றார். உன் மக்களிடம் போய்ச் சொல் என்றார். மடத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்று பஸ்ஸில் அந்தப் பகுதியைத்தான் பத்து முறை வாசித்தேன்.

கம்பியாளன் | புதன், இரவு 10.55

எல்லோருடைய பதிவையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். யோவான் ஒன்பதும் வாசித்தோம். வலிப்பைப் பற்றிச் செவிலியர் அக்கா சொன்னதை நான் விளக்கினேன். ஓவர்லோடு ஆனால் டிரான்ஸ்பார்மர் டிரிப் ஆகிறதே, அதுபோலவா என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை அப்போதுதான் அழுதாள்.

ஐயா கேட்ட கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் தேடினேன். "வா" என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு இரவு நினைவுக்கு வந்தது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். எங்கள் மாவட்டத்தில் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஒரு கடற்கரை ஊரில் பன்னிரண்டாம் நாள் மாலையில்தான் லைன் இழுத்து முடித்தோம். அந்த ஊரில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. குருசடி என்கிற சிலுவைக் கோவில் முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் லைனுக்கு மின்சாரம் விடும் ஏ.பி. சுவிட்சைப் போட்டேன். தெருவிளக்கு வரிசையாக எரிந்தது. மற்ற ஊர்களில் கரண்ட் வந்தால் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பாட்டி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்கள். கையில் கிரீசும் மணலும். "மக்கா, வெளிச்சம் இருந்தா அவன் கரையை அடையாளம் கண்டு வந்திருவான், நீ நல்லாயிரு" என்றார்கள்.

அவர்கள் மகன் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை. அன்று இரவு அந்தக் குருசடிப் படியிலேயே உட்கார்ந்து ஜெபித்தேன். என் வாழ்நாளில் வாயில் வார்த்தையே இல்லாமல் ஜெபித்தது அன்று மட்டும்தான். யாராவது கூட இருந்தது போலிருந்தது.

பறையொலி அண்ணன் சொன்னதையும் யோசித்தேன். எங்கள் வேலையில் ஒப்பந்தக் கூலியாக வருகிற பையன்களுக்குக் கையுறைகூடச் சரியாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்காக நான் வாய் திறந்ததில்லை. ஊழியத்துக்குப் போகவில்லை என்ற குற்றவுணர்விலேயே இருந்ததால் இது கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

நாளை அம்மாவிடம் பேசப்போகிறேன்.

சால்மரம் | வியாழன், காலை 7.02

அண்ணா, அந்தக் குருசடிப் படியைப் பற்றிப் படித்துவிட்டு வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. இங்கே இன்று காலை ஜெபத்தில் உங்கள் மகனின் பெயர் தெரியாமலே அவனுக்காக ஜெபித்தோம். நீங்கள் இங்கே வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வருகிறவர்களுக்காக நீங்களும் ஜெபியுங்கள்.

பறையொலி | வியாழன், காலை 8.30

கையுறை விஷயம் சின்னது அல்ல, தம்பி. எழுத்தில் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

கம்பியாளன் | சனி, இரவு 9.40

அம்மாவிடம் பேசிவிட்டேன்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், கன்வென்ஷனில் நடந்ததை அப்படியே சொன்னேன். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். பழைய வேதாகமத்தைக் கொண்டுவந்து, பின் அட்டையில் ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார்கள். நான் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் பேனா வாங்கி எழுதியதாம். இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

"கர்த்தாவே இவன் உம்முடையவன். நீர் தந்தீர்." அவ்வளவுதான் இருக்கிறது. கீழே தேதி.

ஊழியம் என்ற வார்த்தையே அதில் இல்லை. "ஊழியம் என்று சொன்னீர்களே அம்மா" என்று கேட்டேன். "அப்படிச் சொன்னது உங்கள் மாமா. நானும் சரி என்று இருந்துவிட்டேன். எல்லோரும் ஐயர் என்று கூப்பிட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னைக் கேட்கவே இல்லை" என்றார்கள். பிறகு, "பிள்ளைக்கு என்னால்தானா இப்படி?" என்று கேட்டார்கள். மனைவியிடம் சொன்னதையே அம்மாவிடமும் சொன்னேன். மூன்றாவது முறையும் யோவான் ஒன்பது வாசித்தோம், இந்த முறை அம்மா வாசித்தார்கள்.

ஐயா, சேகரத்தில் ஆண்கள் ஐக்கியத்தில் சேரச் சொல்லிக் குருவானவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தட்டிக்கழித்து வந்தேன். நாளை போகிறேன். இது அழைப்பா என்று தெரியவில்லை. கூப்பிடுகிறார், போகிறேன்.

பறையொலி அண்ணா, மனுவை எழுதிவிட்டேன். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கொடுக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை மகனுக்கு நரம்பியல் டாக்டரிடம் மறுபரிசோதனை. அம்மாவும் வருகிறார்களாம். பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்கும் பேரனுக்கும் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.